மந்திரிக்குத் தண்ணீர்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியில், மொண்டெல்லோ கடற்கரையிலிருந்து பலேர்மோ நகருக்குத் திரும்பும் பேருந்தில், வீட்டுவேலை முடித்து வந்த இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள்.

“மந்திரி இண்டைக்கு அழுதவர், அக்கா,” என்றாள் இளையவள்.

“நீ எங்கை அவரைக் கண்டனி?”

“நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை தமையனெல்லே. ஞாயிறெண்டால் சாப்பிட வருவார். ரீவியிலை அந்தக் கவிண்ட படகைக் காட்டினவங்கள். கரண்டியை வச்சிட்டு அழத் தொடங்கிட்டார். சிஞ்ஞோரா தண்ணி கேட்டா. கொண்டுபோய்க் குடுத்தன்.”

“அகதியளை ஏத்திக்கொண்டு வாற படகுகளைக் கடலிலையே மறியுங்கோ எண்டு நேவிக்காரருக்குச் சொன்னது அவர்தானே?”

“ஓம். மறிக்கத்தான் சொன்னனான், கவிழ்க்கச் சொல்லேல்லை எண்டு சொல்லிச் சொல்லித்தான் அழுதவர்.”

பேருந்து ஃபவோரிதா பூங்காவின் மரங்களுக்குள் நுழைந்தது. மூத்தவள் இளையவளின் பக்கம் திரும்பினாள்.

“உன்ரை தம்பியும் அந்தப் படகோடை போனவன்தான் எண்டு அவருக்குச் சொன்னனியோ?”

“இல்லை.”

“ஏன் பிள்ளை சொல்லேல்லை?”

“சொன்னால் இன்னும் அழுவார், அக்கா. பேந்தும் நான்தானே தண்ணி குடுக்கவேணும்.”