மணமகனின் தாய் உடுத்திய பச்சை வெல்வெட்

அவைக்குத் தலைமை தாங்கும் அன்புச் சகோதரி, பணிமனை மகளிர் மன்றத்தின் தலைவி பெர்மெத் அவர்களே! பனி மூடிய மலைமுகடுகளைப் போல வெள்ளைத் தலைத்துணி கட்டி முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த தாய்மார்களே! இந்த ஓஷ் நகரத்து வீதிகளை டிராலிபஸ் ஓட்டியே அளந்த ஓட்டுநர் சகோதரிகளே! என்னைப் போலச் சீட்டுக் கிழித்துக் கிழித்தே விரல் தேய்ந்த நடத்துநர் தோழிகளே! மகளிர் தினம் என்பதால் மறுக்க முடியாமல் மனைவியோடு வந்து, பின்வரிசையில் மௌனவிரதம் பூண்டிருக்கும் ஆண்மக்களே! மெதுவாகக் கைதட்டுங்கள் அம்மா, அவர்கள் தூக்கம் கலைந்துவிடப் போகிறது. உங்கள் அனைவருக்கும் இந்தச் சைராகுலின் வணக்கம்.

சற்று முன், வாசலில் நான் கோட்டைக் கழற்றும்போது ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, மே மாசம் என் பையனுக்குக் கல்யாணம். பொண்ணுக்கு எல்லாம் எடுத்தாச்சு, மாப்பிள்ளைக்கு எடுத்தாச்சு. நான் என்ன போட்டுக்கறதுன்னுதான் தெரியல” என்றாள். மேடையில் சொல்கிறேன் தாயே என்று வந்துவிட்டேன்.

சிரிக்கிறீர்கள். மகளிர் தினத்தில் மாண்புகளைப் பேசாமல் மணவீட்டு உடுப்பைப் பேசுவதா என்கிறீர்கள். உடுப்பு அற்பமா? உடம்பை மறைப்பது மட்டுமா உடுப்பின் வேலை? உள்ளத்தை நிமிர்த்துவதும் அதுதான். உயிரை ஒடுக்குவதும் அதுதான். ஒரு தாய், தான் பெற்ற மகனின் திருமணத்துக்கே போக மாட்டேன் என்று ஓர் உடுப்பின் பொருட்டுச் சொல்லியிருக்கிறாள். என் காதால் கேட்டேன்.

அவள்தான் அனார்குல். ஆம், நம் அனார்குல். சென்ற இலையுதிர்காலத்தில் நாம் மண்ணில் கிடத்திவிட்டு வந்தோமே, அவளே. அவள் இல்லாத முதல் மகளிர் தினம் இது.

அந்த நாள்கள் என்ன நாள்கள்! அக்-பூரா ஆற்றில் பனியுருகிய நீர் ஆர்ப்பரித்து ஓட, கம்பியில் பொறி பறக்க எங்கள் வண்டி ஏற்றத்தில் ஏறிய நாள்கள்! அவள் ஓட்டுவாள், நான் சீட்டுக் கொடுப்பேன். படியில் தொங்கும் பையன்களைக் கண்ணாடியில் பார்த்தே அதட்டுவாள். “ஏய், உள்ள ஏறு! இல்ல, உங்க அம்மா வேலை செய்யற கடை வாசல்லயே வண்டிய நிறுத்துவேன்!” ஊரில் எந்தப் பையனின் தாய் எங்கே வேலை செய்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சிங்கத்துக்கு நோய் வந்தது. இடது மார்பை எடுத்தார்கள். பிழைத்தாள், மீண்டும் வண்டி ஏறினாள். ஆனால் இடக்கை தோளுக்கு மேல் எழவில்லை. மின்கம்பியை விட்டு வண்டிக் கூரையின் கொம்பு நழுவினால் கயிற்றை இழுத்து மாட்ட நான் இறங்குவேன். உடுப்புக்குள் ஒரு பக்கம், தினை நிரப்பித் தைத்த துணிப்பொதி ஒன்றை வைத்துக்கொள்வாள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். விஷயம் தெரிந்தவர்கள் அவள் மகன் திலெக், நாத்தனார், நான். அவ்வளவுதான்.

திலெக்குக்குப் பெண் அமைந்தது. ஜிபெக் என்று பெயர். பெயருக்கேற்ற பட்டுப் போன்ற பெண். அவள் தாய் நசீரா, இசைப்பள்ளியில் பாட்டு ஆசிரியை. நடந்தால் நறுமணம், நாவசைத்தால் நாதம், அப்படி ஓர் அம்மாள்! நம் வழக்கப்படி சம்பந்திக்கு உடுப்புச் சீர் அனுப்பினார். பெட்டியைத் திறந்தால் பிளம்பழ நிறத்தில் சாட்டின் கவுன். கழுத்து இறக்கம், இடுப்புச் சிக்கனம், கை இறுக்கம்!

அனார்குல் அறைக்குள் போய் அதை மாட்டினாள். கொக்கி போட என்னை மட்டும் கூப்பிட்டாள். சாட்டின் என்ன செய்யும்? உள்ளதை உள்ளபடி காட்டும். ஒரு பக்கம் உடல், மறுபக்கம் பொதி. மூச்சு இழுத்தாள், பொதி விலா வரைக்கும் நழுவியது.

“கழட்டிவிடுடி.”

“வேற ஏதாவது போட்டுக்கலாம் அக்கா.”

வெளியே இருந்து நாத்தனார் குரல் வந்தது. “என்னது, வேறயா? சம்பந்தி குடுத்ததப் போடலன்னா அவங்க முகத்துல துப்பின மாதிரி! ஒரு நாள் பல்லக் கடிச்சிட்டு நிக்க முடியாதா?”

அனார்குல் கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: “எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு சைரா. நான் வரல. மருமக தலையில வெள்ளைத் துணிய என் நாத்தனாரே கட்டட்டும். இந்தக் கையில அந்த உசரத்துக்கு எட்டவும் எட்டாது.”

தாய்மார்களே, வீட்டுக்கு வந்தவளை மருமகளாய் ஏற்று அவள் தலையில் வெள்ளைத் துணி கட்டும் அந்தக் கணத்துக்காகத்தானே ஒரு தாய் மகனை வளர்க்கிறாள்! அதையா இன்னொருத்திக்குக் கொடுப்பது?

நான் ஒன்று கேட்டேன். “மூச்சு முட்டுதுன்னு சம்பந்திகிட்டயே சொன்னா என்ன?”

“சொன்னா எல்லாத்தையும் சொல்லணும். நோயாளி வீடுன்னு பொண்ணத் தர மாட்டேன்னுட்டா? என் பையன் வாழ்க்கைடி அது.”

மறுநாள் காலை அவளே என் வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்குளில் அந்தப் பெட்டி. “வாடி, போகலாம். பொய்யோட ஒரு பொண்ண வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரக் கூடாது” என்றாள்.

நசீரா வாசலுக்கே வந்து வரவேற்றார். “வாங்க சம்பந்தியம்மா, வாங்க!” ரொட்டியும் தேநீரும் வந்தன. பெட்டியைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

“பிடிக்கலையா? ஒருவேளை எங்க ருசி உங்களுக்கு ஒத்துவரலையோ?”

அனார்குல் திரும்பி நின்று, உடுப்புக்குள் கைவிட்டு, தினைப்பொதியை எடுத்து ரொட்டித் தட்டின் அருகில் வைத்தாள்.

“எனக்கு இந்தப் பக்கம் இதுதாங்க இருக்கு. கட்டி வந்து எடுத்துட்டாங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இப்ப சொல்லிட்டேன். முடிவு உங்க கையில.”

உள்ளறை வாசலில் தேநீர்க் கெண்டியோடு ஜிபெக் அசையாமல் நின்றாள். நான் நசீராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, போச்சு என்று எண்ணினேன்.

அந்தப் பாட்டு ஆசிரியை என்ன சொன்னார் தெரியுமா? “சம்பந்தியம்மா, பையன் நல்லவனா, உழைப்பானா, குடிப்பானான்னு ஊரெல்லாம் விசாரிச்சேன். அவன் அம்மாவுக்கு எத்தனை மாருன்னு எவன்கிட்டயாவது கேட்டேனா?”

முதலில் அனார்குல் அழுதாள். பிறகு சிரித்தாள். பிறகு இருவரும் சேர்ந்து அழுதார்கள். தேநீர் ஆறிப்போனது, ஐயா. ஆறட்டுமே!

அன்றே மூவரும் சந்தைக்குப் போனோம். அனார்குல் உடுப்பு வாங்கியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! புதுவண்டியை வெள்ளோட்டம் விடுவது போல ஒவ்வொன்றையும் சோதித்தாள். போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், குனிந்தாள், கடை நடுவில் ஒரு சுற்று ஆடினாள்.

கடைக்காரி கேட்டாள்: “அக்கா, கல்யாணத்துக்கா, குஸ்திக்கா?”

“ரெண்டும் ஒண்ணுதான், நீ அடுத்ததை எடு!” என்றாள் அனார்குல்.

கடைசியில் கிடைத்தது, கரும்பச்சை வெல்வெட்டில் தோளிலிருந்து நேரே இறங்கும் நீண்ட அங்கி. கழுத்தோரம் வெள்ளிநூல் வேலைப்பாடு. பார்க்கிற கண்ணை முகத்துக்கே இழுத்துச் செல்லும். உள்ளே மெல்லிய பருத்தித் துணி. கையைத் தூக்கினால் அக்குளில் பிடித்தது. “அந்த இடத்தப் பிரிச்சு ஒரு துண்டு வச்சுத் தை” என்று நசீராவே நின்று தைக்க வைத்தார். அதுவே சீர் என்று பணமும் அவரே கொடுத்தார். காலுக்குக் குதியில்லாத செருப்பு. கண்ணாடி முன் நின்ற அனார்குல் தன்னையே புதிதாய்ப் பார்ப்பது போலப் பார்த்தாள். “பரவாயில்லடி, நான் இன்னும் இருக்கேன்” என்றாள்.

அப்போ அந்தச் சாட்டின் என்ன ஆனது என்று அங்கே ஒரு குரல். அதை நசீராவே உடுத்திக்கொண்டார், தாயே! விருந்தில் சோறு இறங்காமல் தவித்தார். ஆனாலும் பாடினார்!

திருமண நாள். திரைக்குப் பின்னால் தாழ்ந்த மெத்தையில் ஜிபெக் அமர்ந்திருந்தாள். அனார்குல் அவள் எதிரே மண்டியிட்டு வெள்ளைத் துணியை விரித்தாள். வலக்கை எழுந்தது. இடக்கை மெல்ல மெல்ல எழுந்து தோளருகே நின்றுவிட்டது. உதவ நாத்தனார் ஓரடி முன்வந்தாள். ஜிபெக் விழிகளால் அவளை நிறுத்தினாள். பிறகு, மெத்தையிலிருந்து சரிந்து மண்டியிட்டுத் தலையை மாமியாரின் மார்பில், வெறுமையான அந்த இடப்பக்கத்தில், சாய்த்துக்கொண்டாள். பொதியை அன்று அவள் வைத்திருக்கவில்லை. வெல்வெட்டின் மேல் கன்னம் பதிந்தது. கை எட்டியது. முடிச்சு விழுந்தது. அனார்குல் தன் கையால், தானே கட்டினாள்!

அன்றிரவு அவள் ஆடிய ஆட்டத்தை ஓஷ் மறக்காது. அதன்பின் பல ஆண்டுகள் இருந்தாள். பேரப்பிள்ளைகளை மடியில் வைத்து வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தாள். அவளுடைய கடைசி நோயில் அவளைக் குளிப்பாட்டி, உடுத்தி, தலைவாரிவிட்டவள் அந்த மருமகள்தான்.

ஆகவே, மே மாதத்து மணவீட்டுச் சகோதரியே! நிறம் எதுவும் இருக்கட்டும், நீ மூச்சுவிட அதில் இடம் இருக்கட்டும். மெலிவாய்க் காட்டுமா என்று கேட்காதே; மெய்யாய்க் காட்டுமா என்று கேள். ஊருக்கு நீ சம்பந்தி, உறவுக்கு நீ சபைநடுவே நிற்கும் பொம்மை. உன் பிள்ளைக்கு நீ அம்மா! நீ அழும்போது அவன் வந்து கட்டிக்கொள்வான். கட்டிக்கொண்டால் கசங்குமே என்று நீ அஞ்சாத உடுப்பு எதுவோ, அதுவே உனக்கு அழகு!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. வரப்போகும் நவ்ரூஸ் புத்தாண்டில் எல்லார் வீட்டு அடுப்பிலும் பானை பொங்கட்டும், எல்லார் வாசலிலும் கல்யாணக் கூட்டம் நிறையட்டும். வணக்கம்!