எருமையார் அமுது செய்தருளினார்

— தட்டை நகர்த்தாதண்ணே. சோயா தெம்பே வறுவல் உனக்குன்னுதான் போட்டேன். தின்னுட்டுத் திட்டு.

— இந்தா பாரு வாகியெம், நான் சாப்பிட வரல. அப்பாவோட தோல்பொம்மைப் பெட்டியை ஏத்திக்கிட்டுப் போகத்தான் வண்டியோட வந்திருக்கேன்.

— சரிதான். நேத்து ஆட்டத்துக்கே வந்துட்டியே. திரைக்கு அந்தாண்ட, நிழல் பக்கமா ஒளிஞ்சு உக்காந்தா தங்கச்சிக்குத் தெரியாதா? உன் இருமல் மத்தளத்தையும் மீறிக் கேட்டுச்சு.

— எதுக்கு இருமினேன்? பக்கத்து நாட்டு அரசன் வந்து, "அமுது செய்தருளினீரா"ன்னு மரியாதையாக் கேக்கறான். நம்ம மகாராஜா என்ன சொன்னாரு?

— "வயிறு முட்டக் கொட்டிக்கிட்டுத்தான் வந்தேன்"னாரு.

— ராஜா வாயில வயக்காட்டுப் பேச்சு. முன்வரிசையில வட்டாரத் தலைவர் மூஞ்சி சுருங்கிப்போச்சு. வாத்தியக்காரங்க கை அப்படியே நின்னுபோச்சு. பொம்பளை பொம்மையாட்டினா நாக்கு தடுமாறும்னு எங்க சோலோ ஊருல எல்லாரும் சொன்னது சரியாப்போச்சேன்னு எனக்கு உடம்பே கூசிப்போச்சு. எழுந்துட்டேன்.

— எழுந்து போயிட்டியா?

— போகல. செருப்பைத் தேடிக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள உன் வேலைக்காரப் பொம்மை, அந்தத் தொப்பைக்காரன், குறுக்க வந்து நின்னான்.

— என்ன சொன்னான்?

— நீதானடி பேசின.

— உன் வாயால கேக்கணும்ணே.

— "சாமி, எங்க பேச்சை நீங்க எடுத்துக்கிட்டீங்க. உங்க பேச்சு இப்ப அநாதையாக் கிடக்கு. வீணாப் போகலாமா? என் எருமைக்குக் குடுத்துட்டேன்"னான். அப்புறம், "எருமையார் வைக்கோல் அமுது செய்தருளினார். சேற்றில் பள்ளிகொண்டருளினார். வழியெங்கும் சாணம் சாதித்தருளி..."

— சிரிக்கறியே.

— இந்தா பாரு, சிரிக்கல. புரையேறிடுச்சு. தண்ணி குடு.

— வட்டாரத் தலைவரு?

— கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. பின்னாடி இருந்த குடியானவன் ஒருத்தன், தூங்கிக்கிட்டிருந்த மச்சானை உலுக்கி, "எருமையாரே, எழுந்தருளும்"ங்கறான். கூட்டம் அடங்கவே இல்ல.

— சரிதான். பெட்டியைத் தூக்க ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?

— பெட்டி இங்கயே இருக்கட்டும்.

— ஏண்ணே?

— என் ராஜாவுக்கு அப்படி வாய் தவறியிருந்தா நான் விளக்கை அணைச்சுட்டு ஓடியிருப்பேன். ஒரு மூச்சு விடற நேரத்துல நீ அதைத் தூக்கி நிறுத்தின பாரு, அது எனக்கு வராது. அப்பாவுக்கும் வந்திருக்காது. சோலோவுல போய்ச் சொல்லுவேன், என் தங்கச்சி தப்புப் பண்ணினா, அந்தத் தப்பையே ஊர் கொண்டாட வச்சுட்டான்னு.

— சொல்றதுதான் சொல்ற, சரியாச் சொல்லுண்ணே. அரண்மனைப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் பின்வரிசை கொட்டாவி விட்டுக்கிட்டிருந்துச்சு. அவங்க வீட்டுச் சொல்லு ஒண்ணை எடுத்து ராஜா வாயில நான்தான் வச்சேன்.