நல்ல தசையில் ஒரு துண்டு

பிளாரன்ஸ்: …மாலத்தீவுல மழையா? குரல் விட்டு விட்டு வருது.

மெல்வின்: எங்க தோணியில இருந்து வெங்காய மூட்டை எறக்குதாவ, அந்தச் சத்தம். தையல் காஞ்சிருச்சா?

பிளாரன்ஸ்: காஞ்சிருச்சு. இன்னைக்கு ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தேன். கர்ப்பப்பையில எடுத்த என் கட்டிய ஆராய்ச்சி பண்ணுதாவளாம்.

மெல்வின்: அம்புட்டுப் பெரிய ஆளா உன் கட்டி?

பிளாரன்ஸ்: சிரிக்காதிய. ஹார்மோன் வந்து ஒட்டிக்கிட ரிசப்டர்னு ஒண்ணு இருக்காம். கர்ப்பப்பையோட நல்ல தசையிலயும் இருக்குமாம். கட்டியில அதவிடக் கூடுதலாம்.

மெல்வின்: அதான் இழுத்துத் தின்னு கொழுத்துருக்கு.

பிளாரன்ஸ்: ஆமா… கல்யாணமாகி ஏழு வருசமா, பிள்ளைக்குன்னு என் உடம்புல ஊறுனதையெல்லாம் அதுதான் தின்னுருக்கு.

மெல்வின்: ஏளா, அழுதியா?

பிளாரன்ஸ்: சளி.

மெல்வின்: சரி… கூடுதல் கம்மின்னு எப்பிடிக் கண்டுபிடிப்பாவளாம்?

பிளாரன்ஸ்: கட்டியில ஒரு துண்டு, நல்ல தசையில ஒரு துண்டு. பக்கத்துல வச்சுப் பாப்பாவளாம்.

மெல்வின்: அது கெடக்கட்டும். சாப்பிட்டியா?

பிளாரன்ஸ்: நல்ல தசைக்கு எங்கன போனாவன்னு கேளுங்க.

மெல்வின்: அது எதுக்கு இப்ப…

பிளாரன்ஸ்: கேளுங்க.

மெல்வின்: பிளாரன்ஸ், விடு.

பிளாரன்ஸ்: கட்டிய மட்டும் எடுத்தாவன்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ரத்தம் நிக்கலையாம். கர்ப்பப்பையவே எடுத்துட்டாவ. ஒம்பது நாளா உங்ககிட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியாம கெடக்கேன்… அடுத்த மாதா திருவிழாவுக்குப் பிள்ளையத் தோள்ல வச்சுத் தேர் பாக்கணும்னு சொல்லிட்டுல்லா போனிய. ஏங்க… என்னைய ஏசவாவது செய்யுங்க.

மெல்வின்: உன்ன எதுக்கு ஏசணும்?

பிளாரன்ஸ்: எனக்கு ஒரு பிள்ளை வேணும்ங்க. இப்பவும் வேணும். என்ன செய்யன்னு தெரியல.

மெல்வின்: எனக்கும் வேணும்ளா…

பிளாரன்ஸ்: பொறவு ஏன் கோவமே வரல உங்களுக்கு?

மெல்வின்: நீ மயக்கத்துல கெடந்தப்ப, கையெழுத்துப் போடப் பயந்து உன் தம்பி ஜெஸ்டின் எனக்குத்தான் போன் போட்டான். டாக்டரம்மா வாங்கிப் பேசுனாவ. கர்ப்பப்பைய எடுக்கட்டுமா, இன்னும் கொஞ்சம் பாக்கட்டுமான்னு கேட்டாவ… எடுத்துருங்க, அவ எனக்கு வேணும்னு நாந்தான் சொன்னேன். உன்னக் கேக்காமச் சொல்லிட்டேன்ளா.