பிக்கப் வண்டியின் கீச்சுச் சத்தமும் நான் கழற்றிய அட்டையும்

பெயருக்கு என் பள்ளி அடையாள அட்டையின் நகலைப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். பட்டறையில் என்னைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு. அப்பாவின் வண்டிப் பட்டறைக்கு மேல் உள்ள மாடி வீட்டில் அப்பா, அம்மாவுடன் குடியிருக்கிறேன். அப்பாவின் வாக்குமூலத்தை எழுதிய காவலர் ஐயா இந்த வரிசையில்தான் கேட்டார் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம் அரைநாள் பள்ளி முடிந்து வந்தபோது, மரக்கடையின் பச்சை பிக்கப் வண்டி பட்டறையில் நின்றது. அது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. சாதாரண சாலையில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்; சேற்றிலோ மேட்டிலோ போகும்போது கியருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன லீவரை இழுத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். அதை ஓட்டும் டிரைவர் மாமா, வண்டிக்கு அடியில் குருவி குடும்பம் நடத்துகிறது, காலையிலிருந்து குஞ்சு கத்துகிறது என்று சொல்லி விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

சத்தம் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். கேட்பது என் வேலை. அப்பா நாற்பதில் ஓட்டினார். கீச் கீச் என்று வந்தது. அதன் பின்பு கிளட்சை மிதித்து எஞ்சினைத் தளர்த்தினார். சத்தம் நிற்கவில்லை, வண்டி மெதுவாக ஆக அதுவும் மெதுவாக ஆனது. ஆகவே கோளாறு எஞ்சினில் இல்லை. அப்பா சக்கர பேரிங் என்றார். நான் இல்லை என்றேன். அதன் பின்பு காலி மைதானத்தில் இடமும் வலமும் வளைத்துப் பார்த்தார். பேரிங் என்றால் ஒரு பக்கம் வளைக்கும்போது கூடி மறுபக்கம் குறைய வேண்டும். இது மாறவே இல்லை. அதன் பின்பு நான் இறங்கி, டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அப்பா உருட்டிய வண்டியோடு கூடவே நடந்தேன். கோடு ஒரு முறை கீழே வந்து போவதற்குள் நாலு கீச். சக்கரத்தில் கோளாறு என்றால் ஒரு கீச்தான் வரும். சக்கரத்தைவிட நாலு மடங்கு வேகமாகச் சுற்றுவது, எஞ்சினின் இழுப்பைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டான ஷாஃப்ட்தான். அப்பா, "என் வாயை அடைக்கவே உன்னைப் பெத்தேன் போல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முன் சக்கரங்கள் இழுக்காதபோதும் முன் ஷாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். முன் ஷாஃப்டா பின் ஷாஃப்டா என்று தெரிய வேண்டும் என்பதற்காக, அதன் பின்பு அப்பா முன் ஷாஃப்டைக் கழற்றி அலமாரியில் வைத்தார். அது இல்லாமலும் பின் சக்கரங்களால் வண்டி ஓடும், ஆனால் சின்ன லீவரை இழுத்துப் பயனில்லை. அதனால் எந்த வண்டியில் அதைக் கழற்றினாலும் அப்பா முதலில் அந்த லீவரில் ஓர் அட்டை மாட்டுவார். அன்றும் மாட்டினார். "முன் ஷாஃப்ட் இல்லை, இழுக்காதீர்" என்று அதில் எழுதியிருப்பது என் கையெழுத்து. அதன் பின்பு மறுபடி ஓட்டினோம். அட்டை ஆடி ஆடி லீவரில் தட்டி டிக் டிக் என்றது. அந்தச் சத்தத்தில் எனக்கு வேறு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அட்டையைக் கழற்றி என் பள்ளிப் பைக்குள் போட்டேன். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. அந்த அட்டையை இந்தத் தாளோடு பின் குத்தியிருக்கிறேன்.

கீச் வரவே இல்லை. கோளாறு முன் ஷாஃப்டில் என்று தெரிந்துவிட்டது. அதன் முனையில் உள்ள ஜாயிண்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்து, உள்ளே துருப்பொடியாக இருந்தது. எனக்கு அன்று பரீட்சையில் முதலாவதாக வந்ததைவிட அதிக சந்தோஷம்.

அதன் பின்பு அப்பா புது ஜாயிண்ட் வாங்கக் கடைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் டிரைவர் மாமா சீக்கிரமே வந்து அவசர லோடு என்றார். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சத்தம் போய்விட்டது என்றேன், நாலு கீச் கணக்கையும் சொன்னேன். அவர் என் காதை இன்சூர் செய்யச் சொன்னார். வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனார். அட்டை என் நினைவுக்கே வரவில்லை. அப்பா வந்து வண்டி இல்லாததைப் பார்த்து, பரவாயில்லை, அட்டைதான் இருக்கிறதே, ஷாஃப்டை நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்றார். அப்போதும் எனக்கு நினைவு வரவில்லை.

மறுநாள் காலை மரக்கடை ஈரமேட்டில் லோடோடு ஏறும்போது, சின்ன லீவரை இழுத்தும் முன் சக்கரங்கள் இழுக்காமல் வண்டி பின்னால் வழுக்கி மர அடுக்கில் மோதி, டிரைவர் மாமாவின் வலது கை முறிந்தது. அதைக் கேட்டபோதுதான் என் பைக்குள் இருந்த அட்டை நினைவுக்கு வந்தது. மரக்கடைக்காரர் புகார் கொடுத்தார். வியாழக்கிழமை காவலர் ஐயா பட்டறைக்கு வந்தார். அப்பா, "அட்டை மாட்ட மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்" என்றார். சொல்லும்போது என் பள்ளிப் பையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நிரூபணமானால் பட்டறை உரிமம் போகும், ஜெயிலும் உண்டு என்று காவலர் ஐயா சொன்னார். அவர் போன பின்பு, "நீ இதுல வராத. சாப்பிட்டுப் படி" என்று மட்டும் அப்பா சொன்னார்.

சனிக்கிழமை அம்மாவுடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டிரைவர் மாமா இடது கையால் டீ குடித்து, சட்டையில் பாதி, வாயில் பாதி என்று சிரித்தார். எலும்பு ஒட்டிவிடும், ஆறு வாரம் ஓசியில் தூக்கம் என்றார். அதன் பின்பு, "உங்கப்பா எப்பவும் அட்டை மாட்டுவாரும்மா. அது இல்லாததாலதான் நம்பி இழுத்தேன்" என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

என்னையும் பிடித்து வைப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. அது பயமாக இருக்கிறது. அப்பா காலையில் என்ன சொல்வார் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. ஆனால் இதுவரை எழுதிய பிறகு பசிக்கிறது. வியாழக்கிழமையிலிருந்து பசிக்கவில்லை. தட்டில் அம்மா மூடி வைத்ததை இப்போதுதான் சாப்பிட்டேன்.

இதை யாரும் சொல்லிக்கொடுத்து நான் எழுதவில்லை. படித்துக் காட்ட ஆள் இல்லாததால் நானே இரண்டு முறை படித்தேன், எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. நாளை திங்கட்கிழமை, பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்டேஷனில் என் கையாலேயே கொடுப்பேன். அப்பா சொன்னதில் ஒரு வரி மட்டும் பொய். அதற்காக அவரைத் திட்டாமல், அந்த வரியை அடித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொடிசு (கையெழுத்து)