மேஜர் வீட்டு அரிசி

"மேஜர் அண்ணாச்சிக்கு வாய்க்கரிசி போட, அந்த வீட்டுல ஒரு மணி அரிசி இல்லக்கா."

பாளையங்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், சாவு வீட்டிலிருந்து திரும்பிய இரண்டு பெண்கள். சொன்னவள் அவருக்கு அடுத்த வீட்டுக்காரி. மூத்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"என்னட்டி சொல்லுத? பட்டாளத்துல பனிமலை உச்சி வரைக்கும் அரிசியும் மாவும் அனுப்பிவச்ச மனுசம்லா! அவருக்கு வேலையே அதுதான?"

"டப்பாவெல்லாம் கழுவிக் கவுத்தியிருக்கு. உப்புகூட இல்ல."

"ஐயோ, பட்டினியா கெடந்தாரு?"

"இல்லக்கா. போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாரு. மறுநாளே சாமானெல்லாம் தெருவுல வீடு வீடா குடுத்தாரு. 'எனக்கு மாத்தலாயிட்டும்மா. குடோனக் காலி பண்ணிட்டுத்தான் சாவியக் குடுக்கணும், பட்டாளத்து வழக்கம்'னு சிரிச்சாரு. மக வீட்டுக்குத்தான் போறாருன்னு நெனச்சேன்."

"உனக்கு என்ன குடுத்தாரு?"

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

"அரிசி. 'இதப் பிரிக்காம வையி, எங்க வீட்டுல இருந்தே கேட்டு வருவாங்க'ன்னாரு. இன்னைக்குக் கேட்டு வந்தாங்கக்கா. அதத்தான் பிரிச்சேன்."