ஆட்டுப் பைப்பு

வெள்ளைப் பீங்கானில் தேநீர்க் கறை படிந்தால் சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீறல் விழுந்துவிடும். எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டு மெல்லத் தேய்த்து, அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டது இதையல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் உள்ளே போய்விட்டால் பங்களாவில் இதைச் சொல்ல ஆள் இருக்காது. ஆகையால் முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் அய்யாவு. லாபிஸ் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் தள்ளியிருக்கும் தோட்டத்தில் பதினோரு வருஷமாகப் பங்களாவின் குசினிக்காரன். என் சமையல் சுமார்தான். துரையின் நாக்கில் விஸ்கியைத் தவிர வேறெதுவும் உறைக்காது என்பதால் அது வெளியே தெரியவில்லை. எனக்கு வாய்த்தது கண். மேசையில் ஒரு கோப்பையின் காது கோணலாகத் திரும்பியிருந்தால் வாசலில் நிற்கும்போதே சொல்லிவிடுவேன். சொல்லாமல் இருக்கவும் முடியாது, அதுதான் தொந்தரவு.

முப்பத்தோராம் வருஷம், ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், வாரத்தில் மூன்று நாள்தான் பால்வெட்டு என்றானபோது, துரைசானிக்குச் சீமையிலிருந்து சிங்கி வந்து இறங்கியது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு மலாய்க்காரர்கள் வைத்த பேர் அது. தோட்டமே சோற்றுக்குச் சிங்கியடித்துக்கொண்டிருந்த நேரம். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அந்தப் பேரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆறு பேர் தூக்கி வந்தார்கள். ஒரு கன்றுக்குட்டியையே குளிப்பாட்டலாம், அத்தனை பெரியது. முன்பக்கம் மறைப்பு ஏதுமில்லாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சீமையில் பண்ணை வீட்டுச் சமையலறைகளில் இப்படித்தான் வைப்பார்களாம். அதைச் சுவரில் பதித்த அன்று துரைசானி கைகளைத் தட்டி, எல்லாம் "மேட்ச்" ஆக வேண்டும் என்றாள். நான் தீப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். மறுபடியும் மேட்ச் என்றாள். பெரிய தீப்பெட்டியாகக் கொண்டுவந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் துரை எழுந்து வந்துவிட்டார்.

தோட்டக் கணக்கு எழுதும் கிராணி சபாபதிதான் ஆபீசில் வைத்து எனக்கு விளங்கவைத்தார். "பொருத்தம்யா, பொருத்தம். பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாக்குறோமே, அதேதான்." அதன்பிறகு எனக்கு யாரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சோப்புத் தட்டு, பிரஷ் வைக்கிற சாடி, தண்ணீர் ஜக்கு, எல்லாம் வெள்ளை, விளிம்பில் நீலக்கோடு. அந்த நீலத்துக்கு ஜன்னல் திரை தேடித் தங்காக் வரை போனேன். ருக்னுதீன் ராவுத்தர் கடையில் இருந்த துணிக்கட்டையெல்லாம் உருட்ட வைத்தேன்.

"வீட்ல கல்யாணமா அய்யாவு?" என்றார் ராவுத்தர்.

"சிங்கிக்குங்க" என்றேன். அவர் துணியை அளந்து கிழித்துக் கொடுத்தார்.

ஒரே ஒரு குறைதான் மிஞ்சியது. சிங்கிக்கு மேலே இரண்டு பைப்புக்கு இரண்டு துளை. பச்சைத்தண்ணீர்ப் பைப்பு மட்டும்தான் பெட்டியில் வந்திருந்தது. பித்தளை, சிலுவை மாதிரி நாலு கைப்பிடி, நடுவே வெள்ளைப் பீங்கான் பொத்தான், அதில் நீல எழுத்தில் "கோல்ட்" என்று இங்கிலீஷ். வெந்நீர்ப் பைப்பு கப்பலில் எங்கோ தொலைந்துவிட்டது. எங்கள் பங்களாவில் வெந்நீர் கெட்டிலில்தான் காயும், சுவருக்குள்ளே அதற்குக் குழாயே கிடையாது. ஆனால் துளை துளைதானே. அதில் துரைசானி ஒரு விஸ்கிக் கார்க்கைச் செருகிவைத்துவிட்டுத் தினமும் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எனக்கோ சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் லயத்துப் பைப்பு ஞாபகத்துக்கு வந்தது. பழைய துரையின் குளியல் தொட்டியைக் கழித்துக் கட்டியபோது, அதிலிருந்த ஒரு பைப்பை லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாயில் மாட்டியிருந்தார்கள். நாற்பது குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். அதே கம்பெனி, அதே சிலுவை, அதே பொத்தான். அதில் எழுதியிருந்தது "ஹாட்". மாட்டின அன்று கிராணி அதை வாசித்துக் காட்ட, சனங்கள் காதில் "ஆட்டு" என்று விழுந்தது. எட்டு வருஷமாக அது ஆட்டுப் பைப்பு. புதிதாகக் கப்பலேறி வந்தவர்கள் ஆடு எங்கே என்று தேடுவார்கள். லயத்துச் சனங்களில் எனக்கு மட்டும் அது வெந்நீர் என்று தெரியும். பத்துப் பொருத்தமும் கூடி வந்த ஜோடி பக்கத்துத் தெருவிலேயே இருந்ததுபோல் இருந்தது.

மாரியம்மன் திருவிழா அன்று பகலில், லயமே கோயிலில் இருந்தபோது, கழற்றினேன். குழாயின் வாயில் ரப்பர் ஷீட்டுச் சுற்றிய மர ஆப்பை அடித்து இறுக்கினேன். பைப்பு ஒழுகுகிறது, ரிப்பேருக்குச் சிங்கப்பூர் போயிருக்கிறது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றேன். பங்களா ஆள் சொன்னால் நம்புவார்கள். மாட்டுக் கொட்டகைக்குக் கீழே ஓடுகிற ஓடையில் மொண்டுகொண்டார்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க ஏது நேரம். லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியாதா.

பைப்பு சிங்கியில் உட்கார்ந்ததும் துரைசானி என் தோளைத் தொட்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. எங்கே கிடைத்தது என்று அவளும் கேட்கவில்லை. தெப்ராவிலிருந்து சிநேகிதிகளை வரவழைத்துக் காட்டப்போவதாகச் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் கிராணி என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். சிங்கிக்காக அவர் முன்பே சிங்கப்பூருக்கு எழுதிப்போட்டிருந்த பைப்பு. "இந்தா, உன் சிங்கிக்கு மாப்பிள்ளை" என்றார். கறுப்பு இரும்பு, காக்கை மூக்கு மாதிரி ஒரு கைப்பிடி. இதை லயத்தில் மாட்டிவிடலாம் என்று ஸ்பேனரோடு போனேன். ஆப்பின்மேல் கைகூட வைத்தேன். அப்போது யோசனை வந்தது. சிநேகிதிகள் வந்தால் துரைசானி அவர்களை லயத்துக்கும் கூட்டிப்போவாள், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்க. கறுப்புப் பைப்பைப் பார்த்தால் பழையது எங்கே என்பாள். யாராவது ஆட்டுப் பைப்புக் கதையை எடுத்து விடுவார்கள். கூலிகள் வாய்வைத்துக் குடித்த பைப்பு தன் சிங்கியில் இருப்பது தெரிந்தால் அன்றைக்கே பிடுங்கி எறிவாள். மறுபடி கார்க்கு. ஆப்பு இருந்தாலோ ரிப்பேர் என்று சொல்லி முடித்துவிடலாம். விருந்தாளிகள் வந்துபோகும்வரைதானே என்று கறுப்புப் பைப்பைக் கொண்டுவந்து என் டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே வைத்தேன். அவர்கள் வருகையை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

இதற்கிடையில் என் தங்கை அங்கம்மா குசினி வாசலுக்கு மண்ணெண்ணெய் டின்னோடு வந்தாள். லயத்தில்தான் இருந்தாள். எங்கள் தாய் போனபிறகு நான் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை.

"ஓடத் தண்ணி நாறுதுண்ணே. இந்த டின்னு நெறய புடிச்சிட்டுப் போறேன்."

"டின்னு பீங்கானைக் கீறிரும்மா" என்றேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "இது நம்ம ஆட்டுப் பைப்புல்ல?"

"இது சீமைப் பைப்பு."

"எட்டு வருசமா திருகுன கைக்குத் தெரியாதா" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டித் திருகினாள். ஒரு சொட்டு வரவில்லை. இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள். "தண்ணி வராத எடத்துல பைப்பு எதுக்குண்ணே?"

"மேட்ச்சுக்கு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தீப்பெட்டியா என்று கேட்டாள். பிறகு காலி டின்னைத் தூக்கிக்கொண்டு போனாள். பொத்தானில் அவள் விரல் பட்ட இடத்தைத் துடைத்தேன்.

முதலில் ஒரு கிழவர் போனார், பிறகு இரண்டு குழந்தைகள். எல்லோருக்கும் வாந்திபேதி. நாலாவது அங்கம்மா. ஆள் வந்து சொன்னதும் கொதித்து ஆறிய தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். நீலக்கோடு ஜக்கை எடுத்தால் வரிசை குலையும் என்று தகரக் குவளை தேடினதில் கொஞ்சம் தாமதம். போனபோது அவளால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் கடைவாயில் வழிந்தது. அழுதேன், அதை மறைக்கவில்லை. அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர்.

இத்தனைக்கும் நீங்கள் வந்தது, கிராணி கொடுத்த இரும்புப் பைப்பு சிங்கியிலும் இல்லை, ஸ்டோரிலும் இல்லை என்று. செத்துப்போன ஆறு பேருக்கும் காய்ச்சல் என்று எழுதி முடித்தாகிவிட்டது. நானாகச் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லிவிடுகிறேன். லயத்துப் பைப்பைக் கழற்றியது நான். புதுப் பைப்பை ஒளித்தது நான். ஓடைத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று தெரிந்துதான் செய்தேன். ஆப்பைப் பிடுங்க அரைக்கால் மணி நேரம் போதும், அதைத் தங்கை செத்த அன்றும் செய்யவில்லை. மறுநாள் காலை விருந்தாளிகள் வருவதாகச் சேதி வந்திருந்தது. யாரும் என்னைத் தூண்டவில்லை. துரைசானி பாவம், பெருமூச்சுதான் விட்டாள்.

இரும்புப் பைப்பு என் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப்போய் லயத்தில் மாட்டச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சிங்கியில் இருக்கிற ஆட்டுப் பைப்பு சாட்சிக்கு வேண்டுமென்றால் மற்றதையும் சேர்த்தே கழற்றுங்கள். கூடப்பிறந்ததுபோல் இருந்தவை. ஒன்றை மட்டும் எடுத்துப்போனால் பாவம், மற்றது தனியாக நிற்கும்.