ஒரு மணிக்குக் கதவை மூடிய தெல்மா

தலைமையேற்றிருக்கும் நம் கண்காட்சிச் சங்கத் தலைவர் மார்கோ பெல்லினி அவர்களே, தெல்மாவின் மகள் ரோஸ்லின் அவர்களே, பாதி வேலையில் பூட்ஸ் புழுதியோடு ஓடிவந்து அமர்ந்திருக்கும் வில்கந்தா மக்களே, உங்கள் அனைவருக்கும் லயனல் டிரான்டரின் வணக்கம்.

குட்டிப் பட்டியின் தாய், திருமதி தெல்மா பர்டெல் போய்விட்டார். நாற்பது ஆண்டுகளாக நம் வேளாண் கண்காட்சிக்கு வந்த குழந்தைகள் முதலில் ஓடியது எங்கே? பரிசு வாங்கிய காளைகளிடமா? ராட்டினத்துக்கா? இல்லை, தெல்மாவின் பட்டிக்குத்தான்!

அந்தப் பட்டியை யாரும் திட்டமிடவில்லை. மழை பொய்த்த ஆண்டு அது. பால் வற்றிய செம்மறிகள் குட்டிகளைக் கைவிட்டன. தெல்மா வீட்டில் அப்படி ஆறு குட்டிகள். நாலு மணி நேரத்துக்கொரு தடவை புட்டிப்பால் கொடுக்க வேண்டும். அவரோ கண்காட்சியில் கேக் போட்டிக்கு நடுவர். குட்டிகளை வண்டியில் ஏற்றிவந்து, திடலில் ஆட்டுக் கம்பளி வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அடைத்தார். அரை மணியில் ஐம்பது குழந்தைகள் கூடிவிட்டார்கள். கேக்குகள் மாலைவரை நடுவருக்காகக் காத்துக் கிடந்தன.

என்னிடம் அனுமதி கேட்கவில்லையே என்று, கால்நடைப் பிரிவுப் பொறுப்பாளன் என்ற மிடுக்கோடு நான் சண்டைக்குப் போனேன். அவர் என் கையில் ஒரு பால் புட்டியைத் திணித்தார். அடுத்த ஆண்டு வாத்துக்குஞ்சுகள் வந்தன. பிறகு பன்றிக்குட்டிகளும் கன்றுகளும். பக்கத்து ஊர்க் கண்காட்சிகளும் நம்மைப் பார்த்துப் பட்டி போட்டன.

நண்பர்களே, இன்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு சனிக்கிழமை கூட்டம் அலைமோதியது. குட்டிகள் களைத்துவிட்டன, மூடலாமா என்று தெல்மா கேட்டார். முடியாது என்றேன். மாலையில் ஒரு குட்டி எழுந்திருக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறு ஆண்டு ஒரு மணிக்குப் பட்டியின் கதவைச் சாத்தி, குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியே வரிசை, படம் எடுத்துக்கொள்ள வந்த அமைச்சரும் நிற்கிறார். நான் பதறி ஓடினேன்.

"தெல்மா, அமைச்சர் வந்திருக்காரு. அஞ்சு நிமிஷம் திறயேன்."

"தூங்குதுங்க, லயனல். மூணு மணிக்கு வரச் சொல்லு. கையைக் கழுவிட்டு வரச் சொல்லு."

அமைச்சர் என்ன செய்தார் தெரியுமா? தேநீர்க் கூடாரத்தில் ஸ்கோன் ரொட்டி தின்றுகொண்டு காத்திருந்தார். மூன்று மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்! அன்றிலிருந்து அந்த இரண்டு மணி நேர ஓய்வு நம் சங்கத்தின் விதி. அதை எழுதிக் கையெழுத்திட்டவன் நான். நான் போட்ட கையெழுத்துகளில் வெட்கப்படத் தேவையில்லாதது அது ஒன்றுதான்.

அந்தப் பெண்மணிக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? சிலை வைப்பதா? அவரே சிரிப்பார். வெள்ளிக்கிழமை கண்காட்சி தொடங்குகிறது. பட்டி திறந்திருக்கும். ரோஸ்லின் உள்ளே இருப்பார். கதவில் நான் இருப்பேன். என் முழங்கால் தாங்கும் வரை ஒவ்வோர் ஆண்டும் இருப்பேன். இது இந்தச் சபைக்கு நான் தரும் வாக்கு.

கடைசியாக ஒன்று. போன வாரம் தெல்மா எடுத்துவந்த ஐந்து குட்டிகள் அவர் வீட்டுக் கொல்லையில் இருக்கின்றன. இன்னும் இருபது நிமிடத்தில் அவற்றுக்குப் பால் நேரம். அதனால் உரையை நிறுத்திக்கொள்கிறேன். கை சும்மா இருப்பவர்கள் என்னோடு வாருங்கள்.